சிங்கப்பூரில் ஒரு வாடகைப் பழம்பொருள் ஸ்டால்: விற்பனை படுத்தபோது செய்தவையும் அவற்றின் பலனும் (நிகழ்வு ஆய்வு)

பின்னணி

சிராங்கூன் சாலையிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் ஒரு பழைய கடைத்தொகுதி. அதன் மேல்மாடியில் பழம்பொருள் விற்பவர்கள் பலர் சேர்ந்து இயங்கும் ஒரு பொதுக்கூடம். அங்கே 2023 மார்ச்சில் ஒரு தமிழ்த் தம்பதி ஒரு ஸ்டாலை வாடகைக்கு எடுத்தார்கள். இருவருக்கும் ஐம்பது வயதுக்கு மேல். கணவரின் தந்தை நாற்பது ஆண்டுகளாகச் சேர்த்துவைத்த சாமான்கள்தான் முதல் சரக்கு. குத்துவிளக்கு, வெற்றிலைப் பெட்டி, பாக்குவெட்டி, படி, உழக்கு, எனாமல் தூக்குச்சட்டி, கரி இஸ்திரிப் பெட்டி, இசைத்தட்டு, சாமி படம், நாணயம், ஜப்பானியர் ஆட்சிக் காலத்து வாழைமரப் படம் போட்ட பணத்தாள் என்று ஒரு வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடி வீட்டின் சாமான் அறையும் படுக்கையறையும் நிறைய இருந்தது. பிறகு வீடு காலி செய்பவர்களிடமும் காரைக்குடியிலும் கொஞ்சம் வாங்கிச் சேர்த்தார்கள்.

ஸ்டால் 8 அடிக்கு ஆறரை அடி. மாத வாடகை 680 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), மின்சாரம் 40 வெள்ளி. விற்பவர் எந்நேரமும் உட்கார்ந்திருக்க வேண்டாம். கூடத்துக்குப் பொதுக் கல்லா உண்டு. அதில் உள்ளவர் பணம் வாங்கி, விற்பனையில் 8 விழுக்காடு கமிஷன் கழித்துக்கொண்டு மாதக் கடைசியில் மீதியைத் தருவார். தம்பதியர் சனி, ஞாயிறு மட்டும் வந்தார்கள்.

இந்த ஏற்பாட்டில் தொடங்கும் முன்பே போட்டிருக்க வேண்டிய ஒரு கணக்கு உண்டு. அதை அவர்கள் ஓராண்டு கழித்துத்தான் போட்டார்கள். 100 வெள்ளிக்கு விற்கும் பொருளின் அடக்கம், அதாவது வாங்கிய விலை, 50 என்று வைத்துக்கொண்டால், கமிஷன் 8 போக 42 வெள்ளி கைக்கு நிற்கும். மாதச் செலவு 720. அப்படியானால் நட்டமில்லாமல் நிற்கவே மாதம் 1,714 வெள்ளிக்கு விற்றாக வேண்டும். இந்த எண் தெரியாதவரை 1,500 வெள்ளி விற்ற மாதம் நல்ல மாதம் போலவே தோன்றும்.

முதல் ஆண்டும் சரிவும்

முதல் ஆறு மாதங்களில் மாதத்துக்குச் சராசரி 2,300 வெள்ளி. தீபாவளி நவம்பர் 12ஆம் தேதி வந்த 2023இல், அதற்கு முந்தைய அக்டோபரில் மட்டும் 3,400. பிறகு இறங்கியது. 2024 ஜனவரியில் 1,180, பிப்ரவரியில் 940.

தொடக்கத்து விற்பனை ஏன் நன்றாக இருந்தது என்பதை அப்போது யாரும் கேட்கவில்லை. பின்னர் ரசீதுகளைப் பிரித்துப் பார்த்தபோது இரண்டு காரணங்கள் தெரிந்தன. வாங்கியவர்களில் பலர் உறவினர், கோயில் பழக்கம், பழைய வேலையிடத்து நண்பர்கள். ஒருமுறை ஆதரவாக வந்து வாங்கிய அவர்கள் மறுமுறை வரவில்லை. இரண்டாவது, தந்தையின் சேர்ப்பில் இருந்த சிறந்த நாற்பது ஐம்பது பொருட்கள் முதலில் போய்விட்டன. அவற்றின் இடத்தை நிரப்பியது சுமாரான சரக்கு. தந்தையின் பொருளுக்கு அடக்கவிலை எதுவும் எழுதாததால் வந்த பணமெல்லாம் லாபம் என்று நினைத்துவிட்டார்கள்.

வெளிக்காரணமும் ஒன்று உண்டு. 1930களில் தொடங்கிய சுங்கை ரோடு பழம்பொருள் சந்தை 2017 ஜூலை 10ஆம் தேதி மூடப்பட்டது. அங்கே திரிந்தவர்களில் பலர் இன்று கைத்தொலைபேசியில் கேரோசல் என்ற இணையச் சந்தைச் செயலியைப் பார்த்துவிட்டுத்தான் கூடத்துக்குள் வருகிறார்கள். விலை ஒப்பிடாமல் வாங்குபவர் குறைவு. ஆனால் அதே கூடத்தில் மற்ற ஸ்டால்கள் சில நன்றாக ஓடிக்கொண்டிருந்தன. ஆகவே காரணத்தை முழுக்க வெளியே தேட முடியாது.

முதல் முடிவு: எல்லாவற்றுக்கும் 30 விழுக்காடு தள்ளுபடி

2024 மார்ச்சில் ஸ்டால் முழுக்கத் தள்ளுபடிப் பலகை வைத்தார்கள். அப்போது ஸ்டாலில் 399 பொருட்கள். அந்த மாதம் புதிதாக எதுவும் வாங்கவில்லை. விற்பனை 1,960 வெள்ளி, பிப்ரவரியைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். மருந்து வேலை செய்துவிட்டது என்று இருவரும் நம்பினார்கள்.

கணக்கு வேறு மாதிரி இருந்தது. 100 வெள்ளிப் பொருள் 70க்குப் போகிறது. கமிஷன் 5.60. அடக்கம் 50. கைக்கு நிற்பது 14.40. வழக்கமாக நிற்கும் 42 வெள்ளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. அதே காசு கையில் நிற்க ஏறத்தாழ மூன்று மடங்கு பொருள் விற்க வேண்டும். பிப்ரவரியின் 940 வெள்ளி விற்பனையில் அடக்கமும் கமிஷனும் போக நின்றது சுமார் 395. மார்ச்சின் 1,960இல் நின்றது சுமார் 403. ஒரு மாத அலைச்சலுக்கும் 31 பொருட்கள் குறைந்ததற்கும் கிடைத்த கூடுதல் வெறும் 8 வெள்ளி. இரண்டு மாதமும் வாடகைக்குப் போதவில்லை.

இதைவிடப் பெரிய சேதம் எவை விற்றன என்பதில் இருந்தது. போன 31இல் 22 பொருட்கள் ஸ்டாலுக்கு வந்து 90 நாள்கூட ஆகாதவை. 6 பொருட்கள் 90 நாளுக்கும் 180 நாளுக்கும் இடைப்பட்டவை. 180 நாளுக்கு மேல் நின்றவற்றில் போனவை மூன்றே மூன்று. கடைசி ஞாயிறு சாமான்களை அடுக்கும்போது மனைவி சொன்னது இது: "என்னங்க, நல்லதெல்லாம் போயிடுச்சு. எதைக் கழிக்கணும்னு பலகை வெச்சோமோ அது அப்படியே இருக்கு."

மொத்தத் தள்ளுபடி எப்போதும் இப்படித்தான் வேலை செய்யும். முழு விலைக்கே போகக்கூடிய பொருளைக் கழிவு விலைக்கு எடுத்துக்கொண்டு போவார்கள். யாருக்கும் வேண்டாத பொருள் 30 விழுக்காடு குறைந்தாலும் யாருக்கும் வேண்டாததுதான். பழம்பொருளில் இன்னொரு கேடும் சேரும். போன வாரம் 120 என்று சொன்ன வெற்றிலைப் பெட்டியை இந்த வாரம் 84 என்று பார்ப்பவர், முதலில் சொன்ன விலையையும் வயதையும் சேர்த்தே சந்தேகிப்பார்.

கவனித்தவை (2024 ஏப்ரல்)

தள்ளுபடியை நிறுத்திவிட்டு இரண்டு சனி, இரண்டு வேலைநாள், காலை 11 முதல் மாலை 7 வரை எண்ணினார்கள். எதிர்வரிசையில் ஸ்டால் வைத்திருக்கும் பாய் தம் கடையிலேயே ஒரு முக்காலி போட்டுக் கொடுத்தார். தம் ஸ்டாலுக்குள்ளே உட்கார்ந்து எண்ணினால் வருபவர் தயங்குவார், எண்ணிக்கை பிழைக்கும்.

நான்கு நாளில் அந்த வழியாக நடந்தவர் 486 பேர். நின்று பார்த்தவர் 92. ஒரு பொருளைக் கையில் எடுத்தவர் 24. ஏதாவது கேட்டவர் 13. வாங்கியவர் 4. நின்ற பிறகு நடந்ததைப் பார்த்தால், நின்றவர்களுக்கும் எடுத்தவர்களுக்கும் இடையில்தான் பெரிய பள்ளம். எடுக்காத பொருளை யாரும் வாங்கமாட்டார்கள். ஆகவே விலைக்கு முன்பு பார்க்க வேண்டியது, ஏன் கை நீளவில்லை என்பது.

எடுக்கப்பட்ட 24 பொருட்களில் 19 இடுப்புக்கும் கண்ணுக்கும் இடைப்பட்ட உயரத்தில் இருந்தவை. மேல்தட்டிலும் தரையிலும் இருந்ததை யாரும் தொடவில்லை. பித்தளைச் சொம்புகள் ஒன்றுக்குள் ஒன்றாகவும் தாம்பாளங்கள் அடுக்காகவும் இருந்தன. அடியில் உள்ளதை எடுத்தால் மேலுள்ளது சரியும் என்று பயந்து கையை இழுத்துக்கொண்டவர் மூவர். விளக்கு 6500 கெல்வின் நீலவெள்ளைக் குழல். அந்த வெளிச்சத்தில் பித்தளை சாம்பல் பச்சையாகவும் தேக்கு செத்த மரமாகவும் தெரிந்தது. பூட்டிய கண்ணாடி அலமாரியின் சாவி பொதுக் கல்லாவில் இருந்தது. சாவி கேட்கப் போகாமலே நகர்ந்தவர் ஐந்து பேர்.

விலைச்சீட்டில் ஒரு எண்ணும் விலையும் மட்டும். ஓர் இளைஞர் வெற்றிலைப் பெட்டியைத் தூக்கிப் பார்த்து, பக்கத்தில் நின்ற பாயிடம், "அண்ணே, இது என்ன, சோப்பு டப்பாவா?" என்று கேட்டார். அவர் தமிழர்தான். வீட்டில் வெற்றிலை போடும் பாட்டி இல்லாத தலைமுறைக்கு அந்தப் பெட்டி ஏன் இத்தனை அறைகளோடு இருக்கிறது என்று யாராவது சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஒவ்வொன்றும் ஏன் நிற்கிறது

அடுத்து, இருந்த 368 பொருட்களையும் ஒரு நோட்டில் ஏற்றினார்கள். 90 நாளுக்குள் வந்தவை 61, 180 நாள்வரை 74, அதற்கும் மேல் 233. அந்த 233ஐயும் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, "இது ஏன் போகவில்லை?" என்று கேட்டு ஒரே ஒரு காரணம் எழுதினார்கள். இரண்டு ஞாயிற்றுக்கிழமை பிடித்தது. இந்த ஆய்வில் வேறெந்த வேலையையும்விட இதுதான் பயன் தந்தது.

கண்ணில் படாதவை 71. என்னவென்று புரியாதவை 48. விலையோ விலைக்கு அடிப்படையான சொல்லோ தவறானவை 39. நிலைமை கெட்டவை 34. அந்தக் கூடத்துக்கு அதை வாங்குபவரே வராதவை 41. தள்ளுபடி உதவக்கூடியது இந்த ஐந்தில் ஒரு வகைக்கு மட்டும், அதிலும் ஒரு பகுதிக்கு.

'சொல் தவறு' என்பதற்கு ஒரு சான்று. ரவிவர்மா அச்சகத்து அசல் என்று 180 வெள்ளி போட்டிருந்த லட்சுமி படம் ஒன்று 14 மாதம் நின்றது. பத்து மடங்கு பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார்கள். பழைய கல்லச்சில் புள்ளிகள் ஒழுங்கற்றும் நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படர்ந்தும் இருக்கும். இதிலோ சிறு பூவிதழ் வட்டம்போல ஒரே சீரான புள்ளிக் கூட்டம். அது பிற்கால ஆஃப்செட் மறுபதிப்பு. பழைய தேக்குச் சட்டத்துக்குள் புதுப் படத்தை யாரோ போட்டிருக்கிறார்கள். தெரிந்து வாங்குபவர்கள் முதல் பார்வையிலேயே கண்டுபிடித்து நகர்ந்திருப்பார்கள். பக்கத்தில் இருந்த உண்மையான படங்களையும் அந்த ஒன்று சந்தேகத்துக்கு உள்ளாக்கியிருக்கும். சட்டத்தைத் தனியாக 45 வெள்ளிக்கும் படத்தை 'மறுபதிப்பு' என்று எழுதி 25 வெள்ளிக்கும் வைத்தார்கள். இரண்டும் ஆறு வாரத்தில் போயின.

மூன்று பொருட்களை விற்பனையிலிருந்தே எடுத்தார்கள். வீடு காலி செய்தவரிடம் மூட்டையாக வாங்கியதில் ஒரு சீப்பும் ஒரு சிமிழும் தந்தம் போல இருந்தன. எலும்பாக இருந்தால் பூதக்கண்ணாடியில் சிறு கருப்புக் குழிகளும் கீறல்களும் தெரியும். யானைத் தந்தத்தின் குறுக்குவெட்டில் ஒன்றையொன்று வெட்டிச்செல்லும் வளைகோடுகள் தெரியும். இவற்றில் கோடுகள் இருந்தன. சிங்கப்பூரில் 2021 செப்டம்பர் 1 முதல் யானைத் தந்தப் பொருளை விற்பதும் விற்பனைக்காகப் பார்வைக்கு வைப்பதும் தடை. 'பழசு' என்பதால் விலக்குக் கிடைத்துவிடும் என்ற எண்ணம் தவறு. இவ்வளவு நாள் அலமாரியில் வைத்திருந்ததே ஆபத்து.

மூன்றாவது, காரைக்குடியில் '200 வருஷத்துப் பிள்ளையார்' என்று வாங்கிய ஒரு சிறு வெண்கலம். இந்தியாவின் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டுக்கு மேற்பட்ட சிலையைத் தனியார் ஏற்றுமதி செய்ய முடியாது. சீட்டில் எழுதிய வயது உண்மையானால் அது சிங்கப்பூரில் இருக்கவே கூடாது. பொய்யானால் சீட்டு பொய். இரண்டில் எதுவானாலும் அந்தச் சீட்டோடு விற்க முடியாது. சோழர்கால உமா பரமேசுவரி சிலையை ஆசிய நாகரிக அரும்பொருளகமே 2015இல் இந்தியாவிடம் திருப்பித் தர ஒப்புக்கொண்ட ஊர் இது. சாமி சிலையில் வயதைக் கூட்டிச் சொல்லும் பழக்கத்தை நம் விற்பனையாளர்கள் விட்டொழிக்க வேண்டும்.

எடுத்த முடிவுகள்

காட்சிக்கு வைப்பதைப் பாதியாகக் குறைத்தார்கள். 190 பொருட்கள் ஸ்டாலில், மீதி வீட்டில். மாதம் 30 பொருட்களை மாற்றுவது. கூட்டமாக இருந்தால்தான் பழைய கடை மாதிரி இருக்கும் என்று கணவர் தயங்கினார். ஒரு தட்டை மட்டும் காலி செய்து ஒரு வாரம் பார்ப்போம் என்று ஒத்துக்கொண்டார்கள். 14 சொம்பு இருந்த தட்டில் 4 மட்டும் வைத்த வாரத்தில் ஒன்று போனது. அதற்கு முந்தைய மூன்று மாதம் அந்தத் தட்டில் ஒன்றும் போகவில்லை.

வீட்டுக்குப் போனதைச் செய்தித்தாளில் சுற்றக் கூடாது. மை ஒட்டும், தாள் ஈரத்தை இழுத்துப் பிடிக்கும். அச்சிடாத தாள் அல்லது துவைத்த பருத்தித் துணி போதும். ரப்பர் பேண்டை நாணயத்துக்கும் வெள்ளிக்கும் அருகில் விடக் கூடாது, அதிலுள்ள கந்தகம் கருக்க வைக்கும். ஒரு பெட்டிக்கு அரைக் கிலோ நிறம் மாறும் சிலிக்கா ஜெல். நிறம் மாறியதும் காயவைத்துத் திரும்பப் போட வேண்டும். மரச்சாமானைக் கருந்தாள் மேல் இரண்டு வாரம் வைத்துப் பார்க்க வேண்டும். புதிய மாவு போன்ற தூள் கொட்டியிருந்தால் உள்ளே வண்டு உயிரோடு இருக்கிறது. அதை ஸ்டாலுக்குக் கொண்டுபோனால் பக்கத்து ஸ்டாலுக்கும் பரவும்.

விளக்கை மாற்றினார்கள். 3000 கெல்வின் இளமஞ்சள் வெளிச்சம், நிறத்தை உள்ளபடி காட்டும் குறியீடு 90க்கு மேல், திருப்பக்கூடிய இரண்டு விளக்குகள், 86 வெள்ளி. செலவழித்ததில் மிக மலிவாகப் பலன் தந்தது இதுதான்.

சுத்தம் செய்வதில் நின்று யோசிக்க வேண்டியிருந்தது, ஏனெனில் ஏற்கெனவே கெடுத்திருந்தார்கள். முந்தைய ஆண்டு மூன்று வெற்றிலைப் பெட்டிகளைப் புளி போட்டுத் தேய்த்திருந்தார்கள். புளி, எலுமிச்சை போன்ற புளிப்பு பித்தளையிலுள்ள துத்தநாகத்தை மேற்பரப்பில் கரைத்து எடுக்கும். அதனால்தான் அதிகம் தேய்த்த பாத்திரத்தில் இளஞ்சிவப்பாகச் செம்பு நிறம் எழும்புகிறது. வேலைப்பாட்டின் இடுக்கில் தங்கிய புளிப்பு சில வாரத்தில் பச்சைக் களிம்பாகும். சேகரிப்பவர் தேடும் கருமை போய்விட்டது, பளபளப்பும் நிலைக்கவில்லை. 120 வெள்ளிப் பெட்டிகள் கடைசியில் 55க்குப் போயின.

புதிய வழக்கம் இது: மிதமான சூட்டு நீர், கொஞ்சம் பாத்திரச் சோப்பு, மென்மையான தூரிகை, உடனே துணியால் துடைத்து மின்விசிறியில் காயவைத்தல். உள்ளே இரும்புக் கம்பி உள்ள விளக்கைத் தண்ணீரில் முக்கக் கூடாது. விரல்படும் இடங்களில் மெல்லிய மெழுகு. வெளிர்பச்சை நிறத்தில் பொடிப்பொடியாக உதிரும் இடம் வெண்கலத்தில் இருந்தால் அது சாதாரணக் களிம்பு அல்ல. உப்பால் வரும் அரிப்பு, ஈரக்காற்றில் வளரும். அந்தப் பொருளைத் தனியே உலர்ந்த பெட்டியில் வைக்க வேண்டும்.

ஆனால் குத்துவிளக்கில் இந்த விதி முழுக்கப் பொருந்தாது. பூசை அறைக்கு வாங்குபவர் பளபளப்பைக் கேட்பார், சேகரிப்பவர் எண்ணெய்க் கருமையைக் கேட்பார். எனவே ஐம்பது அறுபது ஆண்டுப் பழைய சாதாரண விளக்குகளில் பாதியைத் துலக்கி வைத்தார்கள். வேலைப்பாடுள்ள பழைய அன்னபட்சி விளக்குகளைத் தொடவில்லை.

சீட்டில் இனி ஆறு செய்தி: பெயர், எதற்குப் பயன்பட்டது, உலோகம் அல்லது மரம், அளவு, குறை, வந்து சேர்ந்த இடம். வயதை ஆதாரம் இருந்தால் மட்டும் எழுதுவது. ஒரு சீட்டு இப்படி: "வெற்றிலைப் பெட்டி. வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்புக்குத் தனி அறைகள். பித்தளை. நீளம் 19 செ.மீ. மூடியின் கீல் ஒருமுறை பற்றவைக்கப்பட்டது. வீடு காலி செய்த குடும்பத்திடம் வாங்கியது. 95 வெள்ளி." அடியில் ஆங்கிலத்திலும் சீனத்திலும் ஒரு வரி. சமையல் பாத்திரமானால் உள்ளே ஈயப் பூச்சு இருக்கிறதா என்பது கட்டாயம். பூச்சுப் போன பித்தளையில் புளிக்குழம்போ ரசமோ வைத்தால் உலோகம் சாப்பாட்டில் இறங்கும். பூச்சு இல்லாததில் 'அலங்காரத்துக்கு மட்டும்' என்று எழுதினார்கள். சீட்டின் பின்புறம் ஸ்டாலுக்கு வந்த மாதம்.

பேரம் பேச ஆள் இல்லாதபோது கல்லாவில் உள்ளவர் 'முடியாது' என்பார், வந்தவர் போய்விடுவார். அதற்கு ஒரு எழுத்து அனுமதி கொடுத்தார்கள். 100 வெள்ளிக்கு மேற்பட்டதில் 10 விழுக்காடுவரை அவரே குறைக்கலாம், அதற்கு மேல் கேட்டால் தொலைபேசியில் கூப்பிட வேண்டும். அலமாரிச் சாவிக்கு மாற்றாக, விலை குறைந்தவற்றை வெளியே எடுத்துவிட்டு நல்ல நாணயத்தையும் வெள்ளியையும் மட்டும் பூட்டினார்கள்.

வயது விதியும் வைத்தார்கள். 90 நாளில் இடம் மாற்றம், 120 நாளில் ஒரே ஒருமுறை 15 விழுக்காடு குறைப்பு, 180 நாளில் ஸ்டாலைவிட்டு வெளியே. வெளியே போவதற்கும் வழி தீர்மானித்தார்கள். ஆட்டுக்கல், தையல் இயந்திரத் தலை, தேக்குக் கதவுப் பலகை போன்ற கனமானவற்றை நான்கு கோணப் படமும் மூன்று அளவும் எடையும் எழுதிக் கேரோசலில் போட்டார்கள். அதற்கு முன் கூடத்தின் ஒப்பந்தத்தைப் படித்தது நல்லதாயிற்று. காட்சியில் இருக்கும் பொருளை வெளியே விற்றாலும் கமிஷன் உண்டு என்று ஒரு வரி இருந்தது. எனவே ஸ்டாலிலிருந்து எடுத்த பிறகே பதிவிட்டார்கள். உடைந்தவற்றைப் பெட்டி பெட்டியாகப் பழுதுபார்ப்பவருக்கும் பழைய சாமான் எடுக்கும் காராங்குனிக்காரருக்கும் கொடுத்தார்கள். புதிய கொள்முதல் முந்தைய மாத விற்பனையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது.

கடைசி முடிவு இடம் பற்றியது. 190 பொருட்கள் வைத்தும் கீழ்த்தட்டுகள் வெறுமனே இருந்தன. ஜூலையில் அறிவிப்புக் கொடுத்து, செப்டம்பர் 1 முதல் வழியின் முனையில் உள்ள 5 அடிக்கு 6 அடி ஸ்டாலுக்கு மாறினார்கள். மின்சாரம் சேர்த்து 490 வெள்ளி. நட்டமில்லாமல் நிற்கத் தேவையான விற்பனை 1,714லிருந்து 1,167ஆக இறங்கியது.

பின்னர் நடந்தவை

முழு விலையில் மே மாதம் 1,240 வெள்ளி, பள்ளி விடுமுறை ஜூனில் 1,510, ஜூலையில் 1,430, ஆகஸ்டில் 1,020. ஆகஸ்டு இறக்கம் எதிர்பார்த்ததே. இறந்தவர்களின் ஆவிகள் உலவுவதாக நம்பப்படும் சீனர்களின் ஏழாம் மாதம் 2024இல் ஆகஸ்டு 4 முதல் செப்டம்பர் 2 வரை. பிறர் பயன்படுத்திய பொருளை அந்த மாதத்தில் வீட்டுக்குக் கொண்டுபோக விரும்பாதவர்கள் உண்டு. விலையைத் தொடாமல் அந்த மாதத்தைச் சீட்டு எழுதவும் துலக்கவும் இடம் மாறவும் பயன்படுத்திக்கொண்டார்கள். செப்டம்பரில் 1,690, தீபாவளி 31ஆம் தேதி வந்த அக்டோபரில் 3,150, நவம்பரில் 1,380.

அதே 42 விழுக்காட்டுக் கணக்கில், மே முதல் ஆகஸ்டுவரை வாடகை போக 696 வெள்ளி நட்டம். செப்டம்பர் முதல் நவம்பர்வரை 1,142 வெள்ளி மிச்சம். ஏழு மாதத்துக்கும் சேர்த்து 446. பழைய ஸ்டாலிலேயே இருந்திருந்தால் இதில் 690 வெள்ளி கூடுதல் வாடகைக்குப் போய், மொத்தமும் நட்டத்தில் முடிந்திருக்கும். அக்டோபரை எடுத்துவிட்டாலும் நட்டம்தான். விற்பனை கூடியது உண்மை, ஆனால் இந்த ஸ்டாலைக் காப்பாற்றியது சிறிய இடமும் ஒரு தீபாவளியும். இருவரின் உழைப்புக்குக் கூலி இன்னும் இதில் இல்லை.

எதிர்பாராத வரவு ஒன்று. 880 வெள்ளி போட்டு ஓராண்டு நின்ற நான்கடிக் குத்துவிளக்கு ஜோடியை ஒரு கலை நிகழ்ச்சிக்கு வாடகைக்குக் கேட்டார்கள். ஒருமுறைக்கு 60 வெள்ளி, முன்பணம் 200, எண்ணெயைத் துடைத்துத் திருப்ப வேண்டும். நவம்பருக்குள் ஐந்து முறை போனது. கூடத்தின் சம்மதத்தை முன்பே வாங்கியிருந்தார்கள்.

எதிர்பாராத நட்டமும் உண்டு. 10 முதல் 35 வெள்ளிவரை சிறு பொருட்களுக்கு முன்பக்கம் ஒரு மேசை போட்டதும் கை நீள்வது கூடியது. திருட்டும் வந்தது. ஒரு பாக்குவெட்டியும் பிரிட்டிஷ் ஆட்சியின் நீரிணைக் குடியேற்றக் காலத்துச் சதுர ஒரு காசு நாணயங்கள் இரண்டும் காணாமல் போயின. பிறகு நாணயங்களை உறையிலிட்டு, பலகையில் வைத்து, மேலே அக்ரிலிக் தகடு திருகினார்கள்.

மாற்றிச் செய்திருக்க வேண்டியவை

தள்ளுபடிப் பலகைக்கு முன்பே நோட்டு வந்திருக்க வேண்டும். அந்த மார்ச்சில் கழிவு விலைக்குப் போன 22 நல்ல பொருட்களும் மே மாதத்துக்கு இருந்திருந்தால் மே முதல் ஆகஸ்டுவரை வந்த நட்டம் குறைந்திருக்கும். தந்தையின் பொருளுக்கும் ஓர் அடக்கவிலை எழுதியிருக்க வேண்டும். இன்று அதேபோன்ற ஒன்றை வாங்க என்ன ஆகுமோ அதுதான் அடக்கம். அதைவிடக் குறைத்து விற்றால் அந்த இடத்தை நிரப்ப முடியாது. முதல் ஒப்பந்தத்தைச் சிறிய ஸ்டாலில் தொடங்கி, மூன்று மாதம் நிறைந்து வழிந்தால் பெரிதாக்கியிருக்கலாம். தீபாவளிக்கான விளக்குகளை ஆகஸ்டிலேயே ஒதுக்கி வைக்க வேண்டும் என்பதை அடுத்த ஆண்டுக்கு எழுதிவைத்திருக்கிறார்கள். 2024இல் அக்டோபர் 20ஆம் தேதியே நல்ல ஜோடிகள் தீர்ந்துவிட்டன.

திருத்த முடியாதது ஒன்றுண்டு. 'வந்து சேர்ந்த இடம்' என்ற வரியை எழுத உட்கார்ந்தபோது, தந்தை எதை யாரிடம் எப்போது வாங்கினார் என்பது வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. அவர் இருந்தவரை யாரும் எழுதிக்கொள்ளவில்லை. புரியாதவை என்று ஒதுக்கிய 48 பொருட்களையும் படம் எடுத்துக்கொண்டு கணவர் தம் அத்தையைப் பார்க்கப் போனார். "அத்தை, இதுல எது நம்ம வீட்டுது?" என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். இரண்டு மாலைகளில் 17 பொருட்களுக்கு அத்தை விவரம் சொன்னார். எந்த வீட்டில் இருந்தது, யார் சீராகக் கொண்டுவந்தது, எந்த உழக்கில் அரிசி அளந்தார்கள் என்று சீட்டில் ஏறிய அந்தப் பதினேழில் 11 நவம்பருக்குள் முழு விலைக்குப் போயின. மீதி 31 பொருட்களின் சீட்டில் அந்த வரி இன்னும் காலியாக இருக்கிறது.